அம்பாசடர் மட்கார்டும் குற்றாலச் சாரலும்: பழைய கார் தகடு தேய்ந்த கதை

குற்றாலச் சாரலைப் பாராட்டாத ஆளே கிடையாது. ஆனால் அந்தச் சாரலை மனதாரத் திட்டிய ஒரு கூட்டமும் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் உண்டு. யார் என்கிறீர்களா? பழைய கார் வைத்திருந்தவர்கள்தான்!

விஷயம் இதுதான். சென்னையில் அடிக்கிற மழை தடதடவென்று கொட்டி காரைக் கழுவிவிட்டுப் போய்விடும், அடுத்த நாள் வெயிலில் காய்ந்தும் விடும். சாரல் அப்படி அல்ல. ஜூனில் தொடங்கி ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றோடு வந்து தூவிக்கொண்டே இருக்கும். நனைக்கவும் நனைக்காது, காயவும் விடாது. இரும்புக்கு இதைவிட மோசமான நிலைமை இல்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் துரு மிக மெதுவாகத்தான் ஏறும், அதற்கு மேலே போகப் போக வேகம் பிடிக்கும். காரில் இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஸ்பாட் வெல்டிங் அடித்திருக்கும் இடுக்குகளில் புகுந்த ஈரம் வெளியே வர மாதக்கணக்காகும். டோருக்கு அடியில், மட்கார்டு வளைவின் உள்பக்கம், டிக்கித் தரையில்... பெயிண்ட் லேசாகக் கொப்புளம் போடும்போதே உள்ளே பாதி போயிருக்கும்.

அப்புறம் என்ன, பட்டறைக்குப் போக வேண்டியதுதான். துருப்பிடித்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைக்க வேண்டும். கதை தொடங்குவது இங்கேதான். அந்தப் "புதுத் தகடு" எங்கிருந்து வருகிறது?

ஒரு காலத்தில் பதில் சுலபம், கம்பெனியிலிருந்து. 1957ல் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு சீரீஸ் 3 காரின் டூலிங்கை வாங்கி வந்து, கல்கத்தா அருகே உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசடர் செய்யத் தொடங்கியது. 2014 மே மாதம் வரை அதே அடிப்படை உருவம். கிரில் மாறியது, விளக்கு மாறியது, எஞ்சின்கூட மாறியது, ஆனால் கூரையின் அந்தக் கொழுகொழு வளைவு மாறவில்லை. ஊர் டாக்ஸி ஸ்டாண்டுகளில் நின்றதும் அதுதான், கலெக்டர் வந்து இறங்கியதும் அதுதான். மட்கார்டு நசுங்கினால் டீலரிடம் சொல்லி வைத்தால் போதும், கம்பெனி மட்கார்டு வரும்.

"அப்படியென்றால் 2014 வரை தரமான தகடு கிடைத்ததா?" என்று கேட்டால், இல்லை என்பதுதான் சங்கடமான பதில். இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பட்டறைப் பாடம் வேண்டும்.

ஒரு மட்கார்டை பிரஸ்ஸில் அடிப்பது என்றால் ஒரே அடியில் முடிகிற வேலை இல்லை. மேலே ஒரு டை, கீழே ஒரு டை, நடுவில் தகடு சுருங்காமல் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ள ஒரு வளையம். முதல் அடியில் உருவம் வரும். அடுத்ததில் ஓரம் வெட்டப்படும், பிறகு ஓட்டைகள், பிறகு விளிம்பு மடிப்பு. சில தகடுகளுக்குக் கடைசியாக இன்னொரு அடி கொடுத்து உருவத்தைத் திருத்துவார்கள். ஏனென்றால் இரும்புத் தகட்டுக்கு ஞாபகசக்தி அதிகம். வளைத்துவிட்டுக் கையை எடுத்தால் கொஞ்சம் பழைய நிலைக்குத் திரும்பும். எவ்வளவு திரும்பும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு டையைக் கொஞ்சம் அதிகமாக வளைத்துச் செதுக்குவதுதான் டை செய்பவரின் வித்தை. ஆயிரக்கணக்கான அடிகளுக்குப் பிறகு டையின் முனைகள் மழுங்கும். கூர்மையான மடிப்பு வட்டமாகும். ஓரம் அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் என்று தள்ளிப் போகும். டோருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி மேலே பென்சில் அளவு, கீழே விரல் அளவு என்று ஆவது இப்படித்தான்.

இங்கே காமர்ஸ் மாணவர்களுக்கு ஒரு சுவாரஸ்யம் உண்டு. டைக்கு இரண்டு விதமான தேய்மானம் இருக்கிறது. ஒன்று கணக்குப் புத்தகத்தில் வருஷா வருஷம் எழுதுவது, இன்னொன்று நிஜமாகவே தேய்வது. கணக்கில் டையின் மதிப்பு பூஜ்யத்துக்கு வந்துவிட்டால், அதற்குப் பிறகு அதிலிருந்து வரும் ஒவ்வொரு மட்கார்டுக்கும் டை செலவு கிடையாது! நிஜத்தில் டை எவ்வளவு மழுங்குகிறதோ அவ்வளவுக்குப் புத்தகத்தில் லாபகரமாகத் தெரியும். போட்டியே இல்லாத சந்தையில், காருக்கு புக் செய்துவிட்டுக் காத்திருந்த காலத்தில், புது டை வெட்ட எந்த மேனேஜருக்கு மனசு வரும்? அவர்களை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. காத்திருந்த நாமும் கேள்வி கேட்கவில்லையே.

பம்பாய் குர்லாவில் 1964ல் தொடங்கிய ஃபியட் 1100 டி, பின்னால் பிரீமியர் பத்மினி ஆகி, ஏறக்குறைய 2000 வரை ஓடியதும் இதே கதையின் இன்னொரு பிரதி. மும்பையில் பத்மினி டாக்ஸிகளின் காலம் 2023 அக்டோபரில் முடிந்தது.

ஆனால் உண்மையிலேயே மனதைப் பிசையும் கதை நம்ம ஊர்க் கதை. சென்னை வண்டலூர் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் கதை.

1959ல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு கார் வந்தது. உருவம் போட்டவர் இத்தாலிக்காரர் ஜியோவான்னி மிக்கெலாட்டி. அந்தக் காரில் ஒரு விசித்திரம், மற்ற கார்களைப் போல மொத்த பாடியும் ஒரே கூடாக வெல்டிங் செய்யப்படவில்லை. அடியில் தனிச் சேஸி, மேலே பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு இணைத்திருந்தார்கள். காரணம் வியாபாரம். ஸ்டாண்டர்டு-டிரையம்புக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியை 1953ல் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. பெரிய பாடி செய்து தர ஆள் இல்லை. சின்னச் சின்னத் துண்டுகளாக வெவ்வேறு இடங்களில் செய்து கடைசியில் கோர்த்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தார்கள். சப்ளையர் கைவிட்டதால் ஒரு காரின் உடலமைப்பே மாறியது! அந்தத் துண்டுகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்த, மெல்லிய தகட்டுத் துணுக்குகளை நடுவில் சொருகி அட்ஜஸ்ட் செய்வார்கள். புதுக் காரிலேயே அது பொறுமையைச் சோதிக்கும் வேலை.

1961ல் இதே கார் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆனது. மொத்த முன்பகுதியும், பானட், மட்கார்டு எல்லாம் சேர்த்து, முன்னோக்கித் திறக்கும் அழகைப் பார்க்கவே கூட்டம் கூடும். இரண்டு டோர் கார் இது. ஆனால் இந்தியக் குடும்பத்துக்கு இரண்டு டோர் எப்படிப் போதும்? பாட்டி பின் சீட்டில் எப்படி ஏறுவார்? 1968 வாக்கில் மார்க் 3 என்ற பெயரில் நாலு டோர் ஹெரால்டை சென்னைக் கம்பெனி கொண்டுவந்தது. இங்கிலாந்தில் நாலு டோர் ஹெரால்டு விற்பனைக்கு வரவே இல்லை. உலகத்திலேயே இந்தியாவில் மட்டும்தான். அதன் தொடர்ச்சியாக 1972ல் கெஸல் வந்தது, 1977ல் அதுவும் நின்றது.

இதன் விளைவு என்ன தெரியுமா? ஹெரால்டு வைத்திருக்கும் இங்கிலாந்துக்காரருக்கு மட்கார்டு வேண்டுமென்றால் அங்கே அதற்கென்றே கடைகள் இருக்கின்றன. முன்பகுதிக்கு நாமும் அங்கிருந்து வரவழைக்கலாம், சுங்கவரியும் கப்பல் கூலியும் கட்டத் தெம்பு இருந்தால். ஆனால் மார்க் 3ன் பின் டோருக்கு? உலகத்தில் எந்த மூலையிலும் யாரும் அதைச் செய்யவில்லை. அதற்கான சந்தை இந்தியாவுக்குள் மிச்சம் இருக்கும் கார்கள் மட்டுமே.

அதே ஸ்டாண்டர்டு கம்பெனி 1985ல் ரோவர் எஸ்.டி.1 காரை ஸ்டாண்டர்டு 2000 என்ற பெயரில் இங்கே விட்டது. பெரிய ரோவர் உடம்புக்குள் பழைய வான்கார்டு பரம்பரை எஞ்சின். யானைக்குக் குதிரை இதயம். 1988 வாக்கில் கடை மூடியாயிற்று. மிச்சம் கிடந்த உதிரிபாகங்களை என்ன செய்தார்கள்? இங்கிலாந்தில் ரோவர் உதிரிபாகம் விற்கும் ரிம்மர் பிரதர்ஸ் மொத்தமாக வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். சென்னையில் விலைபோகாத சரக்கு, அங்கே ரோவர் ரிப்பேர் செய்பவர்களுக்குக் கிடைத்தற்கரிய பழைய ஸ்டாக் ஆனது. பழைய பொருளின் மதிப்பு பொருளில் இல்லை, அதைத் தேடுகிறவன் எங்கே இருக்கிறான் என்பதில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

திருவொற்றியூரில் இதற்கு நேர் எதிரான கதையும் நடந்தது. 1955ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, 1957ல் புல்லட்டின் டூலிங்கை இங்கிலாந்தின் ரெட்டிச்சிலிருந்து வாங்கியது. ரெட்டிச் தொழிற்சாலை 1967ல் மூடப்பட்டது. சென்னை ஓடிக்கொண்டே இருந்தது. எனவே பழைய இங்கிலாந்து புல்லட்டைப் புதுப்பிக்கும் வெள்ளைக்காரர்கள் மட்கார்டுக்கும் டேங்குக்கும் நம்ம ஊரைத்தான் பார்த்தார்கள். வண்டி தொடர்ந்து உற்பத்தியில் இருந்தால் தகடும் பிழைக்கும், வண்டி நின்றால் தகடு அநாதை.

சரி, அம்பாசடருக்குத் திரும்புவோம். 2014ல் உற்பத்தி நின்றது. 2017ல் அம்பாசடர் என்ற பெயரை பியூஜோ கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. கவனியுங்கள், கைமாறியது பெயர். பெயரை வைத்து மட்கார்டு செய்ய முடியாது :) டீலர்களின் அலமாரிகளில் கிடந்த கம்பெனி ஸ்டாக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. சென்னை புதுப்பேட்டை, டெல்லி மாயாபுரி மாதிரி இடங்களில் உடைத்த கார்களிலிருந்து எடுத்தவை கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தன. அப்புறம் வந்தது லோக்கல் தகடு.

லோக்கல் தகட்டை எப்படிச் செய்கிறார்கள்? கம்பெனி டை அவர்களிடம் இல்லை. ஒரு பழைய மட்கார்டை எடுத்து அதைப் பார்த்து அச்சு எடுக்க வேண்டும். அந்தப் பழைய மட்கார்டே ஏற்கெனவே இரண்டு முறை இடிபட்டு, தட்டி, பட்டி போட்டு நிமிர்த்தியதாக இருந்தால்? கல்லூரி வாசலில் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த நோட்ஸ் மாதிரிதான். மூன்றாவது பிரதியில் வட்டம் எது பூஜ்யம் எது என்றே தெரியாது. அடுத்த ஆள் இந்த லோக்கல் மட்கார்டை வாங்கி அதிலிருந்து அச்சு எடுப்பார். அது நாலாவது பிரதி. இப்போது முப்பரிமாண ஸ்கேனர் வந்துவிட்டது, அச்சு துல்லியமாக இருக்கும் என்கிறார்கள். கோணலான மட்கார்டை ஸ்கேன் செய்தால் துல்லியமான கோணல் கிடைக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது கனம். அந்தக் காலத்து கார்களின் வெளித்தகடு பொதுவாக 20 கேஜ் பக்கம், அதாவது சுமார் 0.91 மி.மீ. 22 கேஜ் என்றால் 0.71 மி.மீ. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதானே என்று தோன்றும். ஆனால் தகடு வளையாமல் நிற்கும் பலம் கனத்தின் மும்மடிப் பெருக்கமாகப் போகும். கணக்குப் போட்டால் 22 கேஜ் தகட்டின் விறைப்பு, 20 கேஜில் பாதிக்கும் குறைவு. இதில் மிச்சமாவது எவ்வளவு? ஒரு சதுர மீட்டருக்கு ஒன்றரை கிலோ இரும்பு. கிலோ 70 ரூபாய் என்று வைத்தால் நூறு ரூபாய் சொச்சம்! அந்த நூறு ரூபாய்க்காக மட்கார்டு கையால் அமுக்கினாலே டப்பா மாதிரி உள்ளே போய் வருகிறது.

இரும்பிலும் ரகம் இருக்கிறது. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 513ல் ஆழமாக இழுத்து அடிப்பதற்கென்றே டி, டி.டி., இ.டி.டி. என்று தனி ரகங்கள் உண்டு. விலை அதிகம். சாதாரணத் தகட்டைப் போட்டால் ஆழமான வளைவில் கிழியும், அல்லது சுருங்கும். தகட்டை மாற்ற மனமில்லாதவர் வளைவை மாற்றுவார். கொஞ்சம் ஆழத்தைக் குறைத்து, மடிப்பை மழுக்கி... ஹெட்லைட்டைச் சுற்றி இருக்க வேண்டிய அந்தக் குழிவு காணாமல் போவது இந்த இடத்தில்தான்.

மட்கார்டு அசிங்கமாக இருந்தால் கண்ணுக்குத்தான் கஷ்டம். டோருக்கு அடியில் ஓடும் பெட்டி போன்ற பகுதி அப்படி இல்லை. ஹெரால்டுக்குத் தனிச் சேஸி இருப்பதால் பரவாயில்லை. அம்பாசடருக்குத் தனிச் சேஸி கிடையாது, பாடியே எலும்புக்கூடு. அந்த இடத்தில் மெல்லிய தகட்டை மடித்து ஒட்டவைத்தால், மேலே எவ்வளவு பளபளப்பாக பெயிண்ட் அடித்தாலும் கார் உள்ளுக்குள் பலவீனமாகிவிட்டது. விபத்து நடக்கும் வரை யாருக்கும் தெரியாது.

இதை ஏன் வாங்குகிறார்கள்? வாங்கும்போது தெரியாது என்பதுதான் காரணம். எல்லாத் தகடும் கறுப்பு பிரைமர் பூசித்தான் வரும். கனம், ரகம், பொருத்தம் எதுவும் கடையில் நிற்கும்போது கண்ணுக்குத் தெரியாது, விலை மட்டும்தான் தெரியும். ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970ல் எழுதிய புகழ்பெற்ற "லெமன்" கட்டுரை பழைய கார் சந்தையை வைத்துத்தான். வாங்குபவருக்குத் தரம் தெரியாவிட்டால் அவர் சராசரி விலைதான் கொடுப்பார், அந்த விலைக்கு நல்ல சரக்கு கட்டாது, நல்லது வெளியேறும், மோசமானது தங்கும். அதற்கு 2001ல் நோபல் பரிசும் வாங்கினார். கார் மட்கார்டு விஷயத்தில் அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் நடக்கிறது.

இன்னொரு காரணம் கொஞ்சம் விசித்திரமானது: நம்ம ஊர் டிங்கர்களின் திறமை! மோசமான மட்கார்டு வந்தால் அவர்கள் திருப்பி அனுப்புவதில்லை. பின்னால் டாலி வைத்து முன்னால் சுத்தியலால் தட்டி, உப்பிய இடத்தில் சூடு காட்டி ஈரத்துணி வைத்துச் சுருக்கி, வெட்டி ஒட்டி, ஓரத்தில் மெல்லிய தகடு சேர்த்து எப்படியோ பொருத்திவிடுவார்கள். மிச்சத்துக்கு இருக்கவே இருக்கிறது பட்டி. முதலாளிக்குப் பளபள கார் கிடைக்கிறது, தகடு செய்தவருக்குப் புகாரே போவதில்லை. புகார் இல்லாத இடத்தில் எதற்குத் திருத்த வேண்டும்? ஒரு நாள் வேலை மூன்று நாளாகிறதே, அந்தக் கூலியைத் தகட்டின் விலையோடு சேர்த்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். கம்பெனித் தகடுகள் எல்லாம் அப்படியே போய் உட்கார்ந்தன என்பதும் கட்டுக்கதைதான். அந்தக் காலத் தொழிற்சாலைகளிலேயே இணைப்புகளில் ஈயம் உருக்கி நிரப்பி அரம் போட்டுத்தான் சமன் செய்தார்கள். ஆனால் அங்கே அடிப்படை உருவம் சரியாக இருந்தது, திருத்த வேண்டியது கொஞ்சம்.

தரம் ஏறவே முடியாதா? முடியும். எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் 1980ல் நின்றது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனத்தார் அதன் பழைய டைகளைத் தேடிப் பிடித்துச் சேர்த்து, 1988ல் மொத்த பாடியையே புதிதாகச் செய்து விற்கத் தொடங்கினார்கள். அது எவ்வளவு நன்றாக இருந்தது என்றால், 1992ல் ரோவர் கம்பெனியே அந்த பாடியை அடிப்படையாக வைத்து எம்.ஜி. ஆர்.வி.8 என்று ஒரு புதுக் காரை விட்டது! பழைய உதிரிபாகத்திலிருந்து புதுக் கார் பிறந்தது. ஆனால் அதன் பின்னால் ஒரு எண்ணிக்கை இருக்கிறது. எம்.ஜி.பி. 5 லட்சத்துக்கு மேல் தயாரான கார், அதற்காகச் செலவு செய்யும் கூட்டமும் பெரிது.

நம் கணக்கைப் பாருங்கள். ஒரு மட்கார்டுக்கு நல்ல டை செட் 20 லட்சம் ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 20,000 மட்கார்டு விற்றால் ஒன்றின் தலையில் 100 ரூபாய். 200 மட்கார்டுதான் விற்கும் என்றால் ஒன்றின் தலையில் 10,000 ரூபாய், அதுவும் இரும்பும் கூலியும் சேர்க்காமல். இதில் யாரும் அயோக்கியர்கள் இல்லை, வகுத்தல் கணக்குதான் வில்லன்.

2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் வாகன விதி இந்த விஷயத்தில் இன்னொரு முடிச்சைப் போட்டிருக்கிறது. 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு "வி.ஏ." என்ற தனி எண் வரிசை, புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு கழித்துப் புதுப்பிக்க 5,000 ரூபாய். வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸி, பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. 1968ன் மார்க் 3 ஹெரால்டு, பழைய அம்பாசடர் எல்லாம் இந்த வயதைத் தாண்டிவிட்டன. நாலாவது ஜெராக்ஸ் மட்கார்டுகளும், வளைவு மாறிய டிக்கியும், பாதி உடம்புக்குப் பட்டியும் போட்ட காரை "அசல் வடிவம்" என்று எந்த அளவுகோலால் அளப்பது? சாரல் தின்ற தகட்டை மாற்றாமலும் வைத்திருக்க முடியாது.

மார்க் 3ன் பின் டோர் துருப்பிடித்துப் போனவருக்கு இன்று இருப்பது இரண்டு வழி. இன்னொரு மார்க் 3ஐ உடைக்கிறவர் எங்காவது இருக்கிறாரா என்று தேடுவது ஒன்று. 20 கேஜில் நல்ல ரகத் தகடு வாங்கி, மிச்சமிருக்கும் மறுபக்க டோரைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாற்றி அளவெடுத்து, வீலிங் மெஷினில் உருட்டியும் சுத்தியலால் தட்டியும் கையாலேயே செய்யத் தெரிந்த ஒரு வயதான டிங்கரைப் பிடிப்பது இன்னொன்று. அப்படிப்பட்டவர் கூலியை நாள் கணக்கில்தான் சொல்வார், டோர் கணக்கில் சொல்ல மாட்டார்.